சிங்கங்கள் இல்லாத முற்றம்

கிரனாடா, ஸ்பெயின்
26.03.2008

அன்பின் சரோவுக்கு,

நான் நலம். உமது சுகத்தையும் நிரோஜாவின் சுகத்தையும் அறிய ஆவல். போன மாதம் ரெலிபோனில் நாம் பிடித்த சண்டைக்குப் பிறகு, இனி எழுதுவதுதான் இருவருக்கும் நல்லது என்று படுகிறது. எழுத்தில் நீர் இடையில் வெட்டிப் பேச முடியாது.

கடற்கரை ஊரில் வாத வைத்தியம் முடிந்துவிட்டது. நாலு கிழமையாக வெந்நீர்த் தொட்டியில் இறக்குவதும் வெயிலில் காயவைப்பதுமாக எங்களை வற்றல் போட்டு எடுத்தார்கள். முழங்கால் வீக்கம் பாதி வற்றிவிட்டது. மற்ற நோயாளிகள் ஒஸ்லோவுக்கு விமானம் ஏறிவிட்டார்கள். அங்கே இன்னும் பனி கிடக்கும் என்பதால் நான் சில கிழமை தங்கி வருகிறேன். கிரனாடாவில் ஓர் அறை எடுத்திருக்கிறேன்.

இந்த ஊர் மேட்டில் அல்ஹம்பிரா என்றொரு பழைய அரண்மனைக் கோட்டை இருக்கிறது. அறுநூறு எழுநூறு வருசத்துக்கு முன் முஸ்லிம் சுல்தான்கள் கட்டியது. அந்தப் பெயருக்கு அரபியில் சிவப்பானது என்று பொருளாம். வெளியே நின்றால் செம்மண் நிற மதில் மட்டும்தான், சிறைச்சாலை மாதிரி மொட்டையாக இருக்கும். எல்லா அழகையும் உள்ளே வைத்திருக்கிறார்கள். சுவரில் விரல் வைக்க இடமில்லாமல் பூவும் கொடியும் எழுத்தும். கல்லில் செதுக்கியது என்று நினைப்பீர், பெரும்பாலும் வெறும் சாந்து. கூரையைப் பார்த்தால் தேன்கூட்டைக் கவிழ்த்து வைத்ததுபோல் ஆயிரக்கணக்கான சிறு குழிகள் தொங்கும். "அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளன் இல்லை" என்ற ஒரே வாசகம் சுவரெல்லாம் திரும்பத் திரும்ப ஓடும்.

இதன் மிகச் சிறந்த பகுதியைக் கட்டியவன் ஐந்தாம் முகம்மது. மாற்றாந்தாய் பெற்ற தம்பி ஆட்சியைப் பறிக்க, கடல் கடந்து மொரோக்கோவுக்கு ஓடி, அங்கே அகதியாக இருந்து, திரும்பி வந்துதான் கட்டினானாம். நம்மைப் போல் ஒருவன் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பிப் போனது ஒன்றுதான் வித்தியாசம்.

நேரத்துக்குச் சாப்பிடவும்.

அன்புடன்,
பூபாலசிங்கம்


ரொம்சோஸ், ஒஸ்லோ
04.04.2008

அன்பின் நிரோஜா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் சந்தோசமாக, இரண்டாம் தரம் சந்தேகமாக.

நீங்கள் நோர்வேக்குப் போன புதிதில், நான் மட்டக்களப்பில் இருந்தபோது, வடக்கே மீன் தொழிற்சாலையில் இருந்து எனக்கு எழுதியவை எல்லாம் இங்கே அலுமாரியில் இருக்கின்றன. எதை எடுத்தாலும் குளிர், மீன், நான் சுகம், நீ சுகமா. கல்யாணம் பேசிய பெண்ணுக்கே அவ்வளவுதான் எழுத வந்த கைக்கு இப்போது தேன்கூடு எங்கிருந்து வந்தது? நிரோஜா சின்னப் பிள்ளையாக இருக்கும்போது வீகலண்ட் பூங்காவுக்குக் கூட்டிப்போனோம். ஊர் உலகமெல்லாம் வந்து பார்க்கிற சிலைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாங்கில் படுத்து நித்திரை கொண்டவர் நீங்கள்.

அரபியில் இன்ன பொருள் என்று உங்களுக்கு யார் சொன்னது? பக்கத்தில் இருந்து யாரோ சொல்லச் சொல்ல எழுதிய கடிதம் இது. அந்த ஆள் ஆணா பெண்ணா என்பதை மட்டும் நீங்களே சொல்லிவிட்டால் எனக்கு வேலை மிச்சம்.

நிரோஜா சிரிக்கிறாள். "அம்மா, பப்பாவுக்கு ஒரு ஹொபி வந்திருக்கு, விடுங்கோவன்" என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்.

எனக்கு ஏற்கெனவே ஓர் ஆளுக்காகக் காத்திருக்கும் வேலை இருக்கிறது. தொண்ணூறாம் ஆண்டு நாம் இருவரும் இங்கே இருந்துகொண்டு, தம்பி இளங்கோவையும் நோர்வேக்கு எடுத்துவிடலாம் என்று கொழும்புக்கு வரச் சொன்னோம். பாதையெல்லாம் கலவரம், தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்ட நேரம். உங்கள் பள்ளிக்கூடக் கூட்டாளி உதுமாலெப்பையை நம்பி அவன் வான் வண்டியில் என் தம்பியை ஏற்றச் சொன்னீர்கள். வான் திரும்பி வந்தது, தம்பி வரவில்லை. உதுமாலெப்பை ஒரு சொல்லும் சொல்லாமல் குடும்பத்தோடு சவூதிக்கு ஓடிவிட்டான். அம்மா வாசலைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தா. பதினெட்டு வருசமாக நான் பார்க்கிறேன். இப்போது புருசனுக்காகவும் வாசலைப் பார்க்க வேண்டுமா?

எப்போது வருகிறீர்கள் என்று திகதி எழுதவும்.

சரோஜாதேவி


கிரனாடா
12.04.2008

அன்பின் சரோவுக்கு,

உமது சந்தேகத்துக்கு ஒரு மருந்தை அந்த வைத்தியசாலையில் கேட்டிருக்கலாம் போலிருக்கிறது. இங்கே கடைகளில் இங்கிலிஸில் கையேடுகள் விற்கிறார்கள். ஒன்றை வாங்கிப் படிக்கிறேன். வேலை இல்லாத மனிதன் வேறென்ன செய்வான்?

இன்று சிங்க முற்றத்தில் இருந்தேன். நடுவில் பெரிய பளிங்குத் தொட்டி. அதைப் பன்னிரண்டு பளிங்குச் சிங்கங்கள் முதுகில் தாங்கி நிற்க, ஒவ்வொன்றின் வாயிலிருந்தும் தண்ணீர் வந்து ஓடையில் விழுந்து நாலு பக்கமும் ஓடுகிறது. சுற்றிவர நூற்றிருபத்துநான்கு தூண்கள், எல்லாம் கமுகமரம் போல ஒல்லி. இவ்வளவு மெல்லிய தூண் இவ்வளவு பெரிய வளைவை எப்படித் தாங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முற்றத்தின் ஒரு பக்கத்தில் ஒரு மண்டபம். சுல்தான் ஒருவன் தன் மனைவியோடு ஒரு வீரனைச் சேர்த்துச் சந்தேகப்பட்டு, அந்த வீரனின் குடும்பத்தையே விருந்துக்கு அழைத்து அங்கே வெட்டினான் என்று ஒரு கதை. அங்குள்ள நீர்க்குண்டில் செம்பழுப்பாக ஒரு கறை. இரத்தம் என்கிறார்கள் வந்து பார்ப்பவர்கள். விசயம் தெரிந்தவர்கள் இரும்புத் துரு என்கிறார்கள்.

திகதியைப் பிறகு அறிவிக்கிறேன். முழங்கால் இன்னும் முழுதாகச் சரிவரவில்லை.

அன்புடன்,
பூபாலசிங்கம்


ரொம்சோஸ்
20.04.2008

நிரோஜா அப்பாவுக்கு,

கீழ் வீட்டு எமிலி அக்காவும் கணவரும் ஈஸ்டர் விடுமுறைக்கு ஸ்பெயினுக்குச் சுற்றுலா போனது உங்களுக்குத் தெரியாது. நேற்றுப் படங்களோடு தேத்தண்ணி குடிக்க வந்தா. நான் உங்கள் கடிதத்தைப் பெருமையாக வாசித்துக் காட்டினேன். பெருமைதான், பொய் சொல்லவில்லை.

எமிலி அக்கா கப்பை வைத்துவிட்டு, "சரோ, என்னடி இது? சிங்கம் ஒண்டையும் அங்கை காணேல்லையே. திருத்துறதுக்கெண்டு கழட்டிக்கொண்டு போட்டாங்கள். காசு குடுத்துப் போய் வெறும் முத்தத்தைப் பாத்திட்டு வந்தனாங்கள்" என்றா. படத்தையும் காட்டினா. நடுவில் தொட்டியை அடைத்து மூடியிருக்கிறது. சிங்கத்தின் வாலைக்கூடக் காணவில்லை. நிரோஜா கணினியில் தேடிப் பார்த்தாள். அவற்றைக் கொண்டுபோய் ஒரு வருசத்துக்கும் மேலாகிறதாம்.

இல்லாத சிங்கத்தின் வாயிலிருந்து தண்ணீர் எப்படி வந்தது? நீங்கள் அந்த மாளிகைக்குள் காலே வைக்கவில்லை. அப்படியென்றால் இவ்வளவு நாளும் எங்கே இருக்கிறீர்கள், யாரோடு இருக்கிறீர்கள்?

சந்தேகப்பட்ட சுல்தான் கதையை எனக்கு எழுதியது ஏன் என்றும் விளங்குகிறது. நான் யாரையும் விருந்துக்கு அழைத்து வெட்ட மாட்டேன். சோறு போடாமல் விடுவேன், அவ்வளவுதான்.

உண்மையை எழுதவும்.

சரோஜாதேவி


கிரனாடா
29.04.2008

அன்பின் சரோவுக்கு,

பிடித்துவிட்டீர். ஓம், நான் உள்ளே போகவில்லை. மாளிகைக்கு ஏறுகிற பாதை செங்குத்து, முழங்கால் இடம் கொடுக்கவில்லை. எதிர்ப்பக்கத்தில், பஸ் போகிற ஒரு மேட்டில் இருந்துதான் பார்க்கிறேன். அங்கிருந்து முழு அரண்மனையும் தெரியும், பின்னால் பனிமலை. பின்னேர வெயில் படும்போது மதில் உண்மையிலேயே சிவக்கும். உள்ளே இருப்பதையெல்லாம் தேநீர்க்கடையில் வந்துபோகிறவர்கள் சொல்லக் கேட்டு எழுதினேன். சிங்கங்களைக் கொண்டுபோனதை எவரும் சொல்லவில்லை. கேட்டதைப் பார்த்தது என்று எழுதியது பிழைதான்.

மற்றபடி நீர் பயப்பட ஒன்றும் இல்லை. சாப்பாடும் பரவாயில்லை. போன ஞாயிறு வட்டிலப்பம் சாப்பிட்டேன். முட்டை பதமாக அவிந்து, ஏலக்காய் மணக்க மணக்க, எத்தனை வருசத்துக்குப் பிறகு! உம்மை நினைத்துக்கொண்டேன்.

அன்புடன்,
பூபாலசிங்கம்


ரொம்சோஸ்
07.05.2008

நிரோஜா அப்பாவுக்கு,

வட்டிலப்பம்.

அந்தச் சொல்லைப் படித்த இடத்திலேயே நின்றுவிட்டேன். ரி-பான சுரங்க ரயில் நிலையத்தில் நின்று படித்தேன், எனக்கான ரயில் வந்து போனதும் தெரியாது.

ஸ்பெயினில் எந்தக் கடையில் வட்டிலப்பம் விற்கிறார்கள்? தேங்காய்ப் பாலும் சக்கரையும் முட்டையும் அடித்துப் பதம் பார்த்து அவிக்கிற அந்தச் சாமான் நம் ஊரில் யார் வீட்டு அடுப்பில் வேகும் என்று எனக்குத் தெரியாதா? பெருநாள் வந்தால் சோனக வீடுகளில் இருந்து மூடின கிண்ணத்தில் எங்கள் வீட்டுக்கும் வந்ததுதான். நானும் எத்தனையோ தரம் செய்து பார்த்தேன், அந்தப் பதம் எனக்கு வரவேயில்லை. உங்களுக்குப் பதமாக வந்திருக்கிறதாம்!

ஆக, நம் பக்கத்து முஸ்லிம் பெண் ஒருத்தி உங்களுக்குச் சமைத்துப் போடுகிறாள். அரபி படித்தவள். சுவரில் உள்ள எழுத்தைப் படித்துப் பொருளும் சொல்கிறாள். ஐம்பத்தாறு வயதில், முழங்கால் வீங்கின நேரத்தில் உங்களுக்கு இது தேவைதானா? இளங்கோவுக்கு நடந்த பிறகு அந்த ஆட்கள் வீட்டுச் சோறு உங்கள் தொண்டையில் எப்படி இறங்குகிறது?

யார் அவ? பெயரை எழுதவும். இனி மதிலும் தூணும் எனக்கு வேண்டாம்.

சரோஜாதேவி


கிரனாடா
16.05.2008

சரோ,

பெண் யாரும் இல்லை. வட்டிலப்பம் செய்தது உதுமாலெப்பையின் மனைவி.

கிழிக்காமல் மிச்சத்தையும் படியும்.

பேர்கன் நகரில் இருக்கும் நம் அல்பிரட் போன வருசம் இங்கே வந்தபோது அவனைக் கண்டிருக்கிறார். அரபு ஆட்கள் தேநீர்க்கடை வைத்திருக்கும் தெரு ஒன்றில், ஒரு கடைக்குச் சமையல்காரன். சவூதியில் சில வருசம் இருந்துவிட்டு இங்கே வந்துவிட்டான். வைத்தியத்துக்குத் துருக்கியா ஸ்பெயினா என்று டொக்டர் கேட்டபோது நான் ஸ்பெயின் என்றது அதனால்தான். இளங்கோ எங்கே என்று அவன் முகத்தைப் பார்த்துக் கேட்க வந்தேன். உமக்குச் சொல்லாமல் வந்தது, வெறும் கையோடு திரும்பினால் உம்மால் தாங்க முடியாது என்று.

முதல்நாள் கடைக்குள் போனேன். என்னைக் கண்டதும் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு அழுதான். அந்த அழுகையை நான் நம்பவில்லை. குற்றவாளியும் அகப்பட்டால் அழுவான். அந்த மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். இருவரும் இருந்தோம். எதிரே அரண்மனை தெரிந்தது. இளங்கோ எங்கே என்று கேட்க வாயெடுத்தேன், "அது என்ன கட்டடம்?" என்றுதான் வந்தது.

அவன் சொல்லத் தொடங்கினான். இங்கே வந்த புதிதில் உள்ளே அடிக்கடி போய்ச் சுவரெழுத்துகளைப் படித்திருக்கிறான். ஊரில் அரபு மதரசாவில் படித்தவன் அல்லவா. மறுநாளும் போனேன், மதிலைப் பற்றிக் கேட்டேன். அடுத்த நாள் தூண், அதற்கடுத்த நாள் கூரை. சாந்தை எப்படிக் குழைத்தார்கள், தண்ணீரை ஆற்றிலிருந்து எப்படி மேட்டுக்கு ஏற்றினார்கள், எல்லாம் கேட்டு முடித்துவிட்டேன். நான் எதற்கு வந்தேன் என்று அவனுக்கும் தெரியும். அவனும் சொல்லாமல் சுல்தான்களைச் சொல்லிக்கொண்டு இருக்கிறான். இனிக் கேட்பதற்கு அந்தக் கட்டடத்தில் ஒன்றும் மிச்சமில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. கேட்காதவரை இளங்கோ எங்கேயோ இருக்கிறான்.

பூபாலசிங்கம்


ரொம்சோஸ்
24.05.2008

நிரோஜா அப்பாவுக்கு,

நீங்கள் ஒரு பெண்ணோடு இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு நொந்திருக்காது.

என் தம்பியைக் கொடுத்துவிட்டு வந்தவன் வீட்டில் இருந்து சாப்பிட்டிருக்கிறீர்கள். இரண்டு மாதமாக அவனோடு இருந்து வேடிக்கை பார்த்திருக்கிறீர்கள். அவன் கட்டடக் கதையில் உங்களை நல்லாய் மயக்கி வைத்திருக்கிறான். இத்தனை வருசமும் ஒளிந்திருந்தவனுக்கு இதென்ன பெரிய வேலை.

கேளுங்கள். நாளைக்கே கேளுங்கள். கேட்காமல் இந்த வீட்டு வாசலுக்கு வர வேண்டாம். நான் சொல்வது விளையாட்டுக்கு அல்ல.

சரோஜாதேவி


கிரனாடா
03.06.2008

அன்பின் சரோ,

கேட்டுவிட்டேன்.

உமது கடிதத்தை அவனிடமே கொடுத்தேன். படித்துவிட்டு, "வா, உள்ள போவம்" என்றான். அனுமதிச்சீட்டு எடுத்து, வாடகைக் காரில் ஏற்றி, மாளிகைக்குள் தோளில் கை போட்டுத் தாங்கிக் கூட்டிப்போனான். நீர் சொன்னது சரி, முற்றம் வெறுமையாகத்தான் இருக்கிறது. தூண்களுக்குப் பக்கத்தில் நின்றபடி, "இளங்கோ எங்கை, மச்சான்?" என்று கேட்டேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டது.

"மௌத்தாப் போயிட்டான் மச்சான். என்ட கண்ணுக்கு முன்னால."

சரோ, இதை உமக்கு எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

இளங்கோ அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பாதை பூட்டிவிட்டது. உள்ளறையில் ஒளித்து வைத்திருந்தார்கள். அந்த நாள்களில்தான் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களை நம் ஆட்கள் சுட்டார்கள். செத்தவர்களில் உதுமாலெப்பையின் வாப்பாவும் ஒருவர். அவரை அடக்கிவிட்டு வந்த வீட்டில்தான் நம் பிள்ளை ஒளிந்திருந்திருக்கிறான். உதுமாலெப்பையின் மனைவிதான் சோறு போட்டிருக்கிறா. பாதை கொஞ்சம் திறந்ததும், எனக்குக் கொடுத்த சொல்லுக்காக வானை எடுத்திருக்கிறான்.

"என்ட தொப்பியத்தான் அவன்ட தலையில வச்சன். வழி நெடுக எங்கட மார்க்கத்துக் கலிமா சொல்லிக் குடுத்தன். நல்லாச் சொன்னான் மச்சான், என்னவிட வடிவாச் சொன்னான். சந்தியில எங்கட ஆக்கள் மறிச்சாங்க. இவன் என்ட தம்பி எண்டன். அப்ப கலிமாவச் சொல்லச் சொல்லு எண்டாங்க. துவக்கோட எல்லாரும் அவனையே பாத்துக்கிட்டு நிக்காங்க. வாயத் திறந்தான், சத்தமே வரல்ல. ஒரு சொல்லும் வரல்ல. நான் முதல் சொல்ல எடுத்துக் குடுத்தன். துவக்குப் பிடியால என்ட வாயில அடிச்சாங்க."

முன்பல் இரண்டு இல்லாததை வந்த நாளே கண்டேன். கேட்கவில்லை.

இளங்கோவை முந்திரித் தோட்டத்துக்குள் கொண்டுபோய்ச் சுட்டிருக்கிறார்கள். பொழுது சாய்ந்தபின் இவன் தன் மைத்துனனோடு போய், அங்கேயே அடக்கியிருக்கிறான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஆருக்கிட்டச் சொல்ல? உங்கட ஆக்கள் என்ன நம்புவாங்களா? எங்கட ஆக்கள் தமிழனை ஏன் ஏத்தின எண்டு கேட்டுக்கிட்டு இருந்தாங்க" என்றான்.

நம்புவதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. நீர்தான் சொல்ல வேண்டும்.

பூபாலசிங்கம்


ரொம்சோஸ்
12.06.2008

அன்பின் நிரோஜா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வழக்கம்போல ஓட்டை தேடித்தான் படித்தேன். அழுகை பிறகுதான் வந்தது. செத்தவன் சாட்சி சொல்ல வரமாட்டான், உதுமாலெப்பை தன் விருப்பத்துக்குக் கதை கட்டலாம் என்று முதலில் நினைத்தேன். தன் வாப்பாவையும் சேர்த்துச் சொன்னால் நாம் இரங்குவோம் என்று நினைத்தேன். சவூதிக்கு ஓடியவன் ஒரு துண்டுக் காகிதமாவது போட்டிருக்கலாமே என்று இப்போதும் நினைக்கிறேன். அந்தக் கோபம் எனக்குப் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை.

ஒரே ஓர் இடத்தில்தான் என்னால் கை வைக்க முடியவில்லை.

இளங்கோ ஏழு வயதில் சரஸ்வதி பூசைக்குப் பள்ளிக்கூட மேடையில் தேவாரம் பாட ஏறினான். வீட்டில் கிணற்றடியில் நின்று முழுப் பதிகத்தையும் பிழையில்லாமல் பாடுவான். மேடையில் எல்லாரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டதும் வாயைத் திறந்தபடி நின்றான். சத்தமே வரவில்லை. முன்வரிசையில் இருந்து நான் முதல் அடியை எடுத்துக் கொடுத்தேன். அப்படியும் வரவில்லை. அம்மாதான் ஏறித் தூக்கிக்கொண்டு வந்தா. அதற்குப் பிறகு அவன் எந்த மேடையும் ஏறவில்லை. யாராவது உற்றுப் பார்த்தால் சொந்தப் பெயரையே விழுங்கிவிடுவான். வெளியே தெரிந்தால் பிள்ளையைப் பகிடி பண்ணுவார்கள் என்று அம்மாவும் நானும் யாருக்கும் சொன்னதில்லை. உங்களுக்கும் சொல்லவில்லை. உதுமாலெப்பைக்கு இது தெரிந்திருக்க வழியே இல்லை, கண்ணால் கண்டாலொழிய.

இளங்கோ செத்துவிட்டான். நிரோஜாவுக்கும் சொல்லிவிட்டேன். மாமாவை அவள் படத்தில்தான் கண்டிருக்கிறாள், ஆனாலும் என்னைக் கட்டிப் பிடித்து அழுதாள்.

நான் அவனுக்கு அந்தியேட்டி செய்யவில்லை, திவசம் கொடுத்ததில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு யார் அதைச் செய்வார்கள்? இப்போது செய்ய வேண்டும். கோயிலில் ஐயரோடு கதைத்தேன். திதி பார்க்கத் திகதி வேண்டும் என்கிறார். வீட்டை விட்டுப் போன நாள்தான் எனக்குத் தெரியும். அங்கே எத்தனை நாள் இருந்தான் என்று தெரியாது. உதுமாலெப்பையிடம் கேளுங்கள், அவர் மறந்திருக்க மாட்டார். காலையா, மத்தியானத்துக்குப் பிறகா என்றும் கேளுங்கள். அந்த உள்ளறையில் என்ன கதைத்தான், ஒழுங்காகச் சாப்பிட்டானா என்று அவர் மனைவியிடம் நான் கேட்டதாகக் கேளுங்கள்.

நீங்கள் வீட்டுக்கு வாருங்கள். சோறு போடுகிறேன்.

அவரையும் வரச் சொல்லுங்கள். வந்தால் நான் என்ன கதைப்பேன், முகம் கொடுத்துக் கதைப்பேனா என்று எனக்கே தெரியாது. அதையும் அவருக்குச் சொல்லிவிடுங்கள். ஆனாலும் அந்தியேட்டி அன்றைக்கு, என் தம்பியைக் கடைசியாகப் பார்த்த ஒருவர் இந்த வீட்டில் இருக்க வேண்டும்.

உங்கள்
சரோ